வாய்ப்புற்றும் ஆய்வுகூடச் சாட்சியும்

தோட்டப்புறத்துப் பாடசாலையொன்றில் அதிபராக இருப்பவனுக்குக் கற்பித்தற் பணியோடு இன்னுமொரு பணி தானாகவே வந்து சேர்ந்துவிடுகின்றது. ஊரவருக்கு வருகின்ற கடிதங்களைப் படித்துப் பொருள் சொல்வதே அப்பணி. சேமலாப நிதியிலிருந்து வரும் கடிதம், நீதிமன்றத்திலிருந்து வரும் அழைப்பாணை, வைத்தியசாலையிலிருந்து வரும் அறிக்கை ஆகிய யாவும், பாடசாலை மணி அடித்த பின்னர் அதிபரின் மேசைக்கு வந்துவிடும். யட்டியாந்தோட்டையில் எனக்கும் அப்பணி உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. களனி கங்கைக்கு மேலே, இறப்பர் மரங்கள் வரிசையாய் நிற்கும் மலைச்சரிவிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். அவருடைய கணவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்வெட்டுத் தொழில் செய்தவர். அவரது கழுத்தின் ஒரு பக்கத்தில் நெல்லிக்காயளவில் ஒரு கட்டி தோன்றிச் சில மாதங்களில் எலுமிச்சங்காயளவு ஆகிவிட்டது. வைத்தியர்கள் அக்கட்டியிலிருந்து சிறு துண்டொன்றை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தனர். ஆய்வின் முடிவு, ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளாக அம்மையாரின் கையில் இருந்தது. மழையில் நனையாதிருக்க அத்தாளை அவர் தமது வெற்றிலைப் பைக்குள்ளே மடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“சேர், இதுல நல்லது எழுதியிருக்குதா, கெட்டது எழுதியிருக்குதா? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

நான் படித்துப் பார்த்தேன். இரண்டு வரிகள் என்னைத் தடுத்து நிறுத்தின. கெரற்றின் என்னும் புரதத்தைக் காட்டும் பிறபொருளெதிரி, கட்டியிலிருந்த கலங்களைப் பற்றிக்கொண்டது என்று ஒரு வரி கூறிற்று. வெண்குருதிக் கலங்களைக் காட்டும் பிறபொருளெதிரி அவற்றைப் பற்றவில்லை என்று மற்றொரு வரி கூறிற்று. வரலாறு பயின்று பட்டம் பெற்ற எனக்கு இவ்விரு வரிகளும் நன்மையைச் சொல்கின்றனவா, தீமையைச் சொல்கின்றனவா என்பது விளங்கவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன், அம்மா” என்று கூறி அவரை அனுப்பிவைத்தேன். மறுநாட் காலையில் எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரிடம் தாளைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “கட்டி கழுத்தில் இருக்கிறது, சேர், ஆனால் கழுத்தில் பிறக்கவில்லை. வேறோரிடத்திலிருந்து வந்து தங்கியிருக்கிறது. பெரும்பாலும் வாயிலிருந்தோ தொண்டையிலிருந்தோ வந்திருக்கும்” என்றார்.

ஒரு புரதத்தைப் பற்றிய ஒற்றை வரி இத்துணைச் செய்தியை எவ்வாறு சொல்லக்கூடும்? அந்த வினா என்னை விடவில்லை. பழைய கல்வெட்டொன்றைக் கண்டால், இதனை யார் வெட்டினார், எக்காலத்தில் வெட்டினார், ஏன் வெட்டினார் என்று கேட்பது வரலாற்று மாணவனின் இயல்பு. அந்த இரு வரிகளையும் நான் ஒரு கல்வெட்டாகவே கொண்டு தேடினேன். அத்தேடலிற் கிடைத்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலிற் கலத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும். உயிருள்ள உடல் யாவும் கலங்களால் ஆனது என்பதைப் பாடசாலையிலே படித்திருப்பீர்கள். கலம் என்பது நீர் நிரம்பிய சிறு பை என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வாறாயின் நம் தோலும் நாவும் கன்னமும் ஒரு நாளைய உராய்வைக்கூடத் தாங்கமாட்டா. கூரைக்குள்ளே வளையும் கைமரமும் குறுக்குச் சட்டமும் இருப்பது போலக் கலத்துக்குள்ளும் மிக நுண்ணிய புரத இழைகளாலான ஒரு சட்டம் இருக்கின்றது. இதனை நம் நாட்டுப் பாடநூல்கள் குழியவன்கூடு என்று வழங்குகின்றன. இவ்வன்கூட்டில் மூவகை இழைகள் உண்டு. அக்ரின் என்னும் புரதத்தாலான மெல்லிய இழைகள் ஒரு வகை. தடித்த நுண்குழாய்கள் மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பருமனுடையவை மூன்றாவது வகை. இவ்விடைநிலை இழையொன்றின் தடிப்பு ஏறத்தாழப் பத்து நனோமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றரை இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு.

இந்த மூன்றாவது வகையிலேதான் நமது கதை இருக்கின்றது. முதலிரு வகைகளும் எல்லாக் கலங்களிலும் ஏறத்தாழ ஒரே தன்மையன. இடைநிலை இழைகளோ கலத்தின் குலத்துக்குக் குலம் வேறுபடுகின்றன. தோல், வாயின் உட்புறம், குடல், சுரப்பிகளின் குழாய்கள் ஆகியவற்றைப் போர்த்தியிருக்கும் மேலணிக் கலங்களில் இவ்விழைகள் கெரற்றினால் ஆனவை. தசைக் கலங்களில் இவை டெஸ்மின் என்னும் புரதத்தால் ஆனவை. இணைப்பிழையத்திலும் வெண்குருதிக் கலங்களிலும் விமென்ரின் என்னும் புரதம் காணப்படுகின்றது. கெரற்றின் என்ற பெயர் கொம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. மாட்டின் கொம்பும், நமது நகமும் முடியும், பால்வெட்டுக் கத்தியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் ஏறிய காய்ப்பும் பெரும்பாலும் கெரற்றினே.

புற்றுநோய் கலத்தின் முகத்தை மாற்றிவிடும். கன்னத்தின் கலம் கன்னத்தின் கலம் போலத் தோன்றாது. வடிவு குலைந்து, பருமன் கூடி, அடையாளம் அறியமுடியாத ஒன்றாகிவிடும். சாதாரண நுணுக்குக்காட்டியிற் பார்க்கும் தேர்ந்த நோயியலாளருக்கும் சில வேளைகளில் அதன் பிறப்பிடம் புலப்படாது. ஆயினும் முகத்தை மாற்றிக்கொண்ட கலம் தன் எலும்பை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. மேலணியிற் பிறந்த புற்றுக்கலம் எங்கு போய்த் தங்கினாலும் பெரும்பாலும் கெரற்றின் இழைகளைச் சுமந்துகொண்டே போகின்றது. அந்த இழையைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் குலத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் ஒன்றோடொன்று ஒத்துத் தோன்றும் இழைகளுள்ளே கெரற்றின் எது என்று காட்டுவதற்கு ஒரு சாட்சி வேண்டும். அச்சாட்சியே பிறபொருளெதிரி.

பிறபொருளெதிரியின் வரலாறு 1890 ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில் தொடங்குகின்றது எனலாம். அங்கு எமில் பேரிங் என்னும் ஜேர்மானியரும் ஷிபாசாபுரோ கிதசாத்தோ என்னும் ஜப்பானியரும் ஓர் உண்மையை வெளிப்படுத்தினர். ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் ஆகிய நோய்களின் நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழக்கிய விலங்கின் குருதியில் அந்நஞ்சை முறிக்கும் பொருளொன்று தோன்றுகின்றது. அக்குருதியின் தெளிநீரை மற்றொரு விலங்குக்கு ஏற்றினால் அதுவும் காக்கப்படுகின்றது. தோட்டத்து மக்களுக்கு இது புதுமையான செய்தியன்று. புல் வெட்டும்போது நாகமோ கண்ணாடி விரியனோ தீண்டிவிட்டால் வைத்தியசாலையில் ஏற்றப்படும் மருந்தும் இவ்வகையினதே. குதிரைக்குப் பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் குருதியில் உண்டாகும் பிறபொருளெதிரியைப் பிரித்தெடுத்தே அம்மருந்து செய்யப்படுகின்றது.

ஆதியில் இப்பொருள் காப்பாளனாகவே மதிக்கப்பட்டது. அதன் மற்றொரு குணத்தைப் பயன்படுத்தலாம் என்பது பின்னரே தோன்றிற்று. பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல, ஒரு பிறபொருளெதிரி தனக்குரிய பொருளையே நாடிப் பற்றும். அவ்வாறாயின் அதன்மீது ஒரு விளக்கை ஏற்றி அனுப்பினால் அப்பொருள் இருக்குமிடத்தை அது காட்டிக்கொடுக்கும் அல்லவா? 1939 ஆம் ஆண்டிலே பேர்லினில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த அல்பேட் கூன்ஸ் என்னும் அமெரிக்க இளம் வைத்தியரின் உள்ளத்தில் இவ்வெண்ணம் உதித்தது. 1941 ஆம் ஆண்டிலே அவரும் அவருடைய தோழர்களும், புற ஊதாக் கதிர் பட்டால் ஒளிவிடும் சாயமொன்றைப் பிறபொருளெதிரியோடு பிணைத்து அதனைச் செய்து காட்டினர். 1966 ஆம் ஆண்டிலே நக்கானே, பியர்ஸ் என்னும் இருவர், ஒளிவிடும் சாயத்துக்குப் பதிலாக நொதியமொன்றைப் பிணைக்கும் முறையை வகுத்தனர். அந்நொதியம் உரிய இரசாயனப் பொருளோடு சேரும்போது நிறப்படிவு உண்டாகும். இதனால் சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே சாட்சியின் சொல்லைக் காணமுடிந்தது.

குழியவன்கூட்டின்மீது இவ்விளக்கைத் திருப்பிய ஆண்டு 1974. எலியாஸ் லசாரைட்ஸ், கிளவுஸ் வேபர் என்னும் இருவர் அக்ரினுக்கு எதிரான பிறபொருளெதிரியைக் கொண்டு கலங்களை ஒளிரச் செய்தனர். தசைக்கே உரியதென்று நெடுங்காலம் பேசப்பட்ட அக்ரின், தசையல்லாத கலங்களிலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீண்ட நாண்களாக ஓடிக்கிடப்பது அன்று கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பின்னர், ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் மேரி ஒஸ்போர்ணும் கிளவுஸ் வேபரும், ஹைடல்பேர்க் நகரில் வேர்ணர் பிராங்கேயும் அவர்தம் தோழர்களும் இடைநிலை இழைகளை ஆராய்ந்தனர். புற்றுக்கலம் தன் பிறப்பிடத்தின் இழையைப் பெரும்பாலும் காத்துக்கொள்கின்றது என்ற உண்மை இவ்வாய்வுகளால் உறுதிப்பட்டது. 1982 ஆம் ஆண்டிலே ரோலண்ட் மொல், பிராங்கே முதலானோர் மனித உடலின் கெரற்றின்களைப் பத்தொன்பதாக வகைப்படுத்தி ஒரு பட்டியல் வெளியிட்டனர். எந்த மேலணியில் எந்தக் கெரற்றின் என்பதை அப்பட்டியல் சொல்லிற்று.

இதற்குள்ளே மற்றொரு தடையும் நீங்கியிருந்தது. விலங்கின் குருதியில் ஒரே வகைப் பிறபொருளெதிரி இருப்பதில்லை. பல வகைகள் கலந்து கிடக்கின்றன. ஒரு முயலின் சாட்சியும் மற்றொரு முயலின் சாட்சியும் ஒத்திரா. அம்முயல் இறந்தால் சாட்சியும் இறந்துவிடும். 1975 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் நகரில் ஜோர்ஜ் கோலரும், ஆர்ஜென்ரீனாவிற் பிறந்த சேசர் மில்ஸ்ரைனும் இத்தடையைக் கடந்தனர். வேண்டிய பிறபொருளெதிரியைச் சுரக்கும் சுண்டெலியின் மண்ணீரற் கலத்தை, அழிவின்றிப் பெருகும் புற்றுக்கலம் ஒன்றோடு அவர்கள் இணைத்தனர். பிறந்த கலம் தாயிடமிருந்து சுரக்கும் ஆற்றலையும் தந்தையிடமிருந்து சாகாத்தன்மையையும் பெற்றது போல, ஒரே வகைப் பிறபொருளெதிரியை ஓயாது சுரந்தது. முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பர் நம் முன்னோர். புற்றைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியைப் புற்றுக்கலமே வளர்த்துத் தந்தது. இவ்விருவருக்கும், நீல்ஸ் ஜேர்ண் என்பவருக்கும் 1984 ஆம் ஆண்டிலே நொபெல் பரிசு வழங்கப்பட்டது. இம்முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. உலகின் எந்த ஆய்வுகூடமும் இதனைக் கையாளலாயிற்று.

கெரற்றினைக் காட்டுவதற்கு இன்று உலகெங்கும் பெரிதும் வழங்கும் பிறபொருளெதிரிக் கலவையொன்று இம்முறையால் அமெரிக்காவிலே பிறந்தது. துங் தியென் சன் என்பவரும் அவருடைய தோழர்களும் 1982 ஆம் ஆண்டில் அதனைப் பற்றி எழுதினர். ஏஈ ஒன்று, ஏஈ மூன்று என்பன அதிலுள்ள இரு பிறபொருளெதிரிகளின் பெயர்கள். மனிதத் தோலிலிருந்து பிரித்த கெரற்றினைச் சுண்டெலிக்கு ஏற்றியே இவை உண்டாக்கப்பட்டன. 1991 ஆம் ஆண்டிலே இன்னுமொரு வழி கண்டறியப்பட்டது. போமலினில் ஊறி மெழுகிற் பதிந்த இழையத் துண்டுகளிற் புரதங்கள் மறைந்து கிடப்பதால், சாட்சி பல வேளைகளில் ஊமையாகிவிடும். அத்துண்டுகளை உப்புக் கரைசலில் வைத்துச் சூடாக்கினால் மறைந்த புரதங்கள் மீண்டும் வெளிப்படும் என்று ஷி என்பவரும் தோழர்களும் காட்டினர். ஆய்வுகூட அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருந்த மெழுகுக் கட்டிகளும் அதன்பின் பேசத் தொடங்கின.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். கெரற்றின் இருப்பது தன்னளவில் நோயன்று. நலமான கன்னத்திலும் நாவிலும் அது நிறைந்திருக்கின்றது. ஆயினும் கழுத்திலுள்ள நிணநீர்க் கணு வெண்குருதிக் கலங்களின் வீடு. கெரற்றின் சுமந்த கலங்கள் அங்கே திரண்டு கட்டியாவதற்கு உரிமையில்லை. அங்கே அவை காணப்பட்டனவென்றால் மேலணியொன்றிலிருந்து புறப்பட்டு வந்து தங்கியிருக்கின்றன என்பதே பொருள். வெண்குருதிக் கலங்களுக்குரிய சாட்சி இல்லையென்று சொன்னதால், கணுவிலேயே பிறந்த புற்று என்ற ஐயமும் நீங்கிற்று. இவ்விரண்டுக்கும் சிகிச்சை வெவ்வேறு. ஆகவே அவ்விரு வரிகளும் அம்மனிதருக்கு எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்கும் வரிகளாயின.

அன்று மாலை அம்மையார் மீண்டும் வந்தபோது, “கெட்டதும் எழுதியிருக்கிறது, அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பதும் எழுதியிருக்கிறது” என்று சொன்னேன். வைத்தியர்கள் வாயை மீண்டும் பார்த்தனர். பின் கடைவாய்ப் பக்கத்தில், அவர் வெற்றிலையை அதக்கி வைத்துக்கொள்ளும் இடத்திலேயே, ஒரு புண் இருந்தது. ஓராண்டுக்கு மேலாக அங்கே அது இருந்ததை அவர் அறிந்திருந்தார். நோகாத புண்ணாகையால் ஒருவரிடமும் சொல்லவில்லை.

எங்கிருந்து என்ற வினாவுக்கு ஆய்வுகூடம் விடை சொல்லிவிட்டது. ஏன் என்ற வினாவுக்கோ அதற்கு நெடுங்காலம் முன்னரே விடை தேடத் தொடங்கிவிட்டனர். அத்தேடல் ஐரோப்பிய நகரங்களிலன்றி நம் தமிழ் நிலத்திலே நடந்தது. 1902 ஆம் ஆண்டிலே சென்னையில் நிப்லொக் என்னும் அறுவை வைத்தியர், வாய்ப்புற்றுக்கும் வெற்றிலை போடும் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதினார். அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்து, 1956 ஆம் ஆண்டிலே தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள இலண்டன் மிஷன் வைத்தியசாலைக்கு வாய்ப்புற்று நோயாளர் பெருந்தொகையாக வந்தனர். 1922 ஆம் ஆண்டிலும் 1924 ஆம் ஆண்டிலும் எவரெஸ்ட் சிகரத்தை ஏற முயன்ற குழுக்களிற் பங்குகொண்ட ஹோவர்ட் சமர்வெல், மலையேற்றத்தின் புகழை விடுத்து அவ்வைத்தியசாலையிலே அறுவை வைத்தியராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். அதே வைத்தியசாலையைச் சேர்ந்த ஓர் என்னும் வைத்தியர், வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933 ஆம் ஆண்டிலே இலண்டன் மருத்துவ இதழில் விரிவாக எழுதினார்.

அந்த நாளில் கெரற்றினைக் காட்டும் சாட்சி ஒன்றும் அவர்களிடம் இல்லை. நோயாளரின் வாயையும், நோயாளரின் வாழ்க்கையையும் பார்த்த கண்ணே அவர்களுக்குச் சாட்சி. எந்தக் கன்னத்தில் வெற்றிலையை அடக்குகின்றார், புகையிலை சேர்க்கின்றாரா, எத்தனை ஆண்டுப் பழக்கம் என்று கேட்டு எழுதிய குறிப்பேடே அவர்களுக்கு ஆய்வுகூடம். 1954 ஆம் ஆண்டிலே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியாற் சென்னை அடையாற்றிலே புற்றுநோய் நிலையம் தோன்றியதும் இத்தகைய துயரங்களைக் கண்ட நெஞ்சின் விளைவே. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் என்று 1985 ஆம் ஆண்டிலும், புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும்கூட அவ்வாறு செய்யும் என்று 2004 ஆம் ஆண்டிலும் வெளியிட்டது. நெய்யூரின் கண் கண்டதை உலகம் ஏற்றுக்கொள்வதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

நமது மாகாணத்தின் கணக்கும் எழுதப்பட்டிருக்கின்றது. சப்பிரகமுவ மாகாணத்திலே முப்பது வயதைக் கடந்த 1029 பேரின் வாயைப் பார்த்து நடத்திய ஆய்வொன்று 2010 ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. வெண்தழும்பு, செந்தழும்பு, வாய் திறக்கமுடியாதபடி கன்னம் இறுகுதல் முதலிய, பின்னர் புற்றாகக்கூடிய மாற்றங்கள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினொருவரிடம் இருக்கலாம் என்று அது கணித்தது. இலங்கையில் ஆண்களிடையே பதிவாகும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்பதும் யாவரும் அறிந்ததே.

வெற்றிலையைப் பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து வந்த நம் முன்னோர், வெற்றிலைப் பையை இடுப்பிற் செருகிக்கொண்டே வந்தனர். தாம்பூலம் அவர்களுக்கு மணவினையின் மங்கலம், உறவின் அழைப்பு, சினம் ஆறியதற்கு அடையாளம். விடியுமுன் பிரட்டுக்களத்திலே குளிரில் நின்றவர்க்கு வாயில் ஒரு வாய் வெற்றிலை சற்றுச் சூட்டைத் தந்தது. நண்பகல்வரை பசியையும் தள்ளிவைத்தது. உழைப்பின் கடுமையே பழக்கத்தை வளர்த்தது. இதனை அறியாது ஏசுவோர் பேச்சை எவரும் கேட்பதில்லை. ஆயினும் பழக்கத்தின் வரலாற்றை அறிவது வேறு. அதன் விலையை மறைப்பது வேறு. பாட்டியின் வெற்றிலைப் பையிலிருந்து பாக்குத் துண்டை எடுத்து வாயிலிட்டுக்கொண்டு வகுப்பறைக்கு வரும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அப்பிள்ளையின் முன்னே வரலாற்றாசிரியன் வாய்மூடி இருத்தல் ஆகாது.

இந்நோயில் நமக்கு ஒரு பேறும் உண்டு. ஈரலிலோ கணையத்திலோ பிறக்கும் புற்றைக் காண்பதற்குக் கருவிகள் வேண்டும். வாயைக் காண்பதற்கு வெயிலும் கண்ணும் போதும். 1984 ஆம் ஆண்டிலே வெளியான இலங்கை ஆய்வொன்றில், வைத்தியரல்லாத ஆரம்ப சுகாதாரப் பணியாளர் ஓராண்டிலே இருபத்தெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமத்தவரின் வாயைப் பார்த்தனர். அயலிலுள்ள கேரளத்தில் 1996 ஆம் ஆண்டு தொடங்கிய பேராய்வொன்று, பயிற்சி பெற்ற பணியாளர் வாயை ஒழுங்காகப் பார்த்துவந்தால், புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றினால் நேரும் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகின்றது என்று 2005 ஆம் ஆண்டிலே காட்டிற்று.

ஆனால் இலங்கை ஆய்வு மற்றொன்றையும் சொல்லிற்று. மீண்டும் வைத்தியரிடம் வந்து காட்டுமாறு அனுப்பப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரே வந்தனர். மற்றப் பாதிப்பேர் எங்கே போயினர் என்பதற்கு எனக்கு ஆய்வுக்கட்டுரை வேண்டியதில்லை. அவர்கள் என் அயலவர். வைத்தியசாலைக்குப் போகும் நாள் பேர் போடாத நாள். கூலி இல்லாத நாள். பேருந்துக் கட்டணம் வேறு. நோவும் இல்லை. நோகாத புண்ணுக்காக ஒரு நாட் கூலியை இழப்பானேன் என்று அவர்கள் எண்ணுகின்றனர். அப்பால்வெட்டுத் தொழிலாளியும் அவ்வாறே எண்ணினார். மகரகமையிலே அவருக்குக் கதிர்ச் சிகிச்சை தந்தனர். நோய் கழுத்துக்கு இறங்கிய பின்னர் தொடங்கிய சிகிச்சையாகையால், அதன்பின் ஒன்றரை ஆண்டே அவர் வாழ்ந்தார்.

அவருடைய தாளை நான் இன்னும் மறக்கவில்லை. பேர்லின், கேம்பிரிட்ஜ், ஹைடல்பேர்க் என்னும் ஊர்களில் நூறாண்டுகளாகத் திரண்ட அறிவு அதன் இரு வரிகளில் அடங்கியிருந்தது. முயலும் சுண்டெலியும் குதிரையும் தம் குருதியை அதற்குத் தந்திருந்தன. அச்சாட்சி பொய் சொல்லவில்லை; தனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியே சொல்லிற்று. ஆனால் அது அழைக்கப்பட்ட வேளை பிந்திவிட்டது. வாயிலே புண்ணாக இருந்த காலத்தில் காட்டியிருந்தால், பெரும்பாலும் சாதாரண சாயமிட்ட துண்டொன்றே நோயை உறுதிசெய்யப் போதியதாய் இருந்திருக்கும். கலத்தின் குலத்தை விசாரிக்கக் கெரற்றின் சாட்சியை அழைக்கவேண்டிய தேவையே எழுந்திராது.

ஆதலின் நேயர்களே, உங்களிடம் ஒன்று கேட்டு முடிக்கின்றேன். வெற்றிலை போடுகின்ற தாயோ தந்தையோ பாட்டனோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக் காலையில் வாசலில் வெயில் விழும்போது அவர்களை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறத்தையும், நாவின் இரு ஓரங்களையும், நாவின் அடியையும் பாருங்கள். வழித்தாலும் போகாத வெண்தழும்பு, சிவந்த தழும்பு, மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், மிளகாய் பட்டால் தாங்கமுடியாத எரிவு, முன்போல் வாய் திறக்கமுடியாமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கண்டால், நோகிறதா என்று கேட்டுக்கொண்டிராமல் அவர்களைப் பல் வைத்தியரிடமோ அயலிலுள்ள வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒரு நாட் கூலியை இழந்துவிடுங்கள்.

அந்தத் தொழிலாளியின் பேரன் இப்போது எங்கள் பாடசாலையிலே பத்தாம் வகுப்பிற் படிக்கிறான். சென்ற தவணையில் குழியவன்கூடு பற்றிய பாடம் நடந்தபோது விஞ்ஞான ஆசிரியர் என்னையும் வகுப்புக்கு அழைத்தார். பாடம் முடிந்து மாணவர் கலைந்த பின்னர் அவன் என்னிடம் வந்து, “நான் நேத்து அப்பாயியோட வாயப் பாத்தேன், சேர். ஒன்னும் இல்ல. அடுத்த மாசமும் பாப்பேன்” என்றான்.